வாஷிங் மெஷினுக்கு மேல் மர மேடை: குறைந்த செலவில் எதில் செய்வது?

கொடிக்கயிறு

எல்லோருக்கும் வணக்கம். துணி துவைக்கும் அறையில் முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினும் டிரையரும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டுக்கும் மேலே ஒரே மேடையாக மரத்தில் போட வேண்டும். அதன் மேல் துணி மடிப்போம், கூடை வைப்போம், சோப்பு டப்பாக்கள் இருக்கும். அவ்வளவுதான். கல் வேண்டாம், கையில் காசும் அதிகம் இல்லை.

அளவுகள்: மூன்று பக்கமும் சுவர், முன்பக்கம் மட்டும் திறப்பு. இடச் சுவருக்கும் வலச் சுவருக்கும் நடுவே 132 செ.மீ. மெஷின்கள் இரண்டும் 85 செ.மீ. உயரம், 60 ஆழம். பின்னால் குழாய்க்கும் வயருக்குமாக 8 செ.மீ. விட்டிருக்கிறது. ஆக மேடையின் ஆழம் 70 பக்கம் வர வேண்டும்.

ரம்பம், ட்ரில் எல்லாம் கடன் வாங்கிக்கொள்ளலாம். சின்ன மர வேலைகள் பழக்கம் உண்டு. கேட்க நினைப்பது மூன்றுதான்: எந்தப் பலகை, எவ்வளவு தடிமன், மெஷின் தலையிலேயே நேராக வைத்துவிடலாமா?

திருப்புளி

மூன்றாவதுக்கு மட்டும் இப்போதே பதில்: வைக்காதீர்கள். துணி பிழியும்போது டிரம் நிமிடத்துக்கு 1000, 1200, சிலவற்றில் 1400 சுற்று போகிறது. அந்த அதிர்வு முழுவதும் பலகைக்கு ஏறும். பலகை நகர்ந்துகொண்டே முன்னால் வரும், மேலே உள்ள டப்பா ஒவ்வொன்றாகக் கீழே விழும். சத்தமும் இரட்டிப்பாகும்.

மேடை சுவரில் நிற்க வேண்டும். மெஷின் அதன் அடியில் தனியாக ஆடிக்கொள்ளட்டும்.

இழைப்புளி

திருப்புளி சொன்னது சரி. இதில் மரம் தேர்வு இரண்டாவது விஷயம். முதல் விஷயம் மேடைக்கும் மெஷினுக்கும் நடுவே விடும் இடைவெளி.

மெஷின் தலைக்கும் பலகையின் அடிப்பாகத்துக்கும் நடுவே இரண்டரை செ.மீ. விடுங்கள். அதிர்வுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் பழுது பார்க்க மெஷினை வெளியே இழுக்கும்போது லேசாகச் சாய்த்துத்தான் இழுப்பார்கள், அப்போது பின்தலை மேலே எழும்பும். இடைவெளி இல்லாவிட்டால் பலகையை அடியிலிருந்து நெம்பிவிடும். அளவு எடுப்பதற்கு முன்னால் ரசமட்டம் வைத்து மெஷினின் கால்களைச் சரி செய்துவிடுங்கள். பிறகு கால்களை உயர்த்தினால் நீங்கள் விட்ட இடைவெளி காணாமல் போகும்.

உங்களுக்கு மூன்று பக்கமும் சுவர் இருப்பது பெரிய வசதி, கால் எதுவும் தேவையில்லை. இரண்டு பக்கச் சுவரிலும் ரீப்பர், அதாவது நீள மரச் சட்டம், அடித்து அதன் மேல் பலகையை உட்கார வையுங்கள். ரீப்பரின் மேல்விளிம்பு தரையிலிருந்து 87.5 செ.மீ. பலகை 36 மி.மீ. என்றால் மேடையின் உயரம் 91 வரும். நின்றுகொண்டு துணி மடிக்க நல்ல உயரம், சமையல் மேடையும் ஏறக்குறைய இவ்வளவுதான் இருக்கும்.

தரையிலிருந்து அளக்கச் சொன்னேன், ஆனால் ஒரு பக்கம் மட்டும் அளந்தால் போதும். தரை சமமாக இருக்கும் என்று நம்பி இரண்டு சுவரிலும் தனித்தனியாக அளக்காதீர்கள். ஒரு பக்கம் குறித்து, அங்கிருந்து மட்டம் பிடித்து மறுபக்கத்துக்குக் கொண்டு போங்கள். தரையில் மிக உயரமான இடம் எதுவோ அங்கிருந்து தொடங்குவது உத்தமம்.

வைரம்பாய்ந்தது

பலகைக்கு என் ஓட்டு: ரப்பர் மரம். சின்னச் சின்னக் கட்டைகளை விரல் கோத்ததுபோல் இணைத்து, ஒட்டி, பெரிய பலகையாகவே கிடைக்கிறது. தேக்கு வாங்கும் காசில் கால்வாசிகூட ஆகாது. இழைத்து வார்னிஷ் அடித்தால் பார்க்க நிஜ மரம், ஏனென்றால் அது நிஜ மரம்தான். பைன் பலகை அதைவிட மலிவு, ஆனால் மெத்தென்று இருக்கும், நகம் பட்டாலே பள்ளம் விழும்.

பிளைவுட் போட்டுவிட்டு வாழ்நாள் முழுவதும் அதன் ஓரத்தை மறைத்துக்கொண்டே இருக்காதீர்கள்.

எட்டுக்குநாலு

வைரம் சார் பிளைவுட்டைக் கண்டாலே முகம் சுளிப்பார், தெரிந்த கதை. ஆனால் இவருடைய அளவுக்குப் பிளைவுட்தான் மலிவு. கணக்கைப் பாருங்கள்.

எட்டடிக்கு நாலடி ஷீட் என்பது 2440க்கு 1220 மி.மீ. 18 மி.மீ. தடிமனில் ஒரே ஒரு ஷீட் வாங்குங்கள். கடையிலேயே நீளவாக்கில் சரிபாதியாக அறுக்கச் சொல்லுங்கள். ரம்பம் தின்றது போக 60.8 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டை கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 133 செ.மீ. வெட்டி, இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று பசை போட்டு ஒட்டினால் 36 மி.மீ. தடிமனில் மேடை தயார். நாருடைய ஓட்டமும் நீளவாக்கிலேயே அமையும், அதுதான் வேண்டும். மிச்சம் 110 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு கையில் இருக்கும்.

"70 செ.மீ. ஆழம் வேண்டுமே, 60.8தானே இருக்கிறது" என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம். மீதி 9 செ.மீ.யைத் தனிப் பட்டையாகச் சுவரோரம் போடுங்கள், அதுவும் இரண்டு துண்டாக, ஆளுக்கு 66 செ.மீ. மிச்சத் துண்டிலேயே கிடைத்துவிடும். பின்சுவரில் ஒரு ரீப்பர் அடித்து, ஆணி எதுவும் இல்லாமல் அதன் மேல் சும்மா வைத்தால் போதும். குழாயில் கசிவு என்றாலோ பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்றாலோ அந்தப் பக்கத்துத் துண்டை மட்டும் கையால் தூக்கலாம். மொத்த மேடையையும் கழற்ற வேண்டியதில்லை.

ஈரக்கை

பின்பட்டை யோசனை அருமை! எங்கள் வீட்டில் ஒரே பலகையாகப் போட்டுச் சுவரோடு சிலிக்கான் பூசி வைத்திருக்கிறார்கள். தண்ணீர்க் குழாயை மூடும் வால்வு அதற்கு அடியில். அவசரத்துக்கு மூட வேண்டுமென்றால் மெஷினை வெளியே இழுத்துவிட்டுக் கையை நுழைக்க வேண்டும். கேட்டால் "அழகா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க" என்கிறார் வேலை செய்தவர்.

கொடிக்கயிறு, உங்கள் வால்வு எங்கே இருக்கிறது? பிளக் எங்கே? முதலில் அதைப் பாருங்கள்.

கொடிக்கயிறு

அக்கா, வால்வும் பிளக்கும் மெஷினுக்குப் பின்னால்தான், தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கும் கீழே. பின்பட்டை கட்டாயம் போடுகிறேன்.

எட்டுக்குநாலு அண்ணே, ஒரு சந்தேகம். 18 மி.மீ. ஒற்றைப் பலகை போதாதா? பாதி ஷீட்டோடு முடிந்துவிடுமே.

எட்டுக்குநாலு

போதாது. முன்பக்கம் 132 செ.மீ. நடுவில் எந்தத் தாங்கலும் இல்லாமல் நிற்கப் போகிறது.

பலகை வளையாமல் நிற்பது தடிமனின் முப்படியைப் பொறுத்தது. தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு எட்டு மடங்கு. தோராயமாகப் போட்டுப் பார்த்தால், இரண்டு முனையில் மட்டும் தாங்கிய 18 மி.மீ. பலகையின் நடுவில் 30 கிலோ வைத்தால் ஐந்தாறு மி.மீ. தொய்யும். 36 என்றால் ஒரு மி.மீ.க்கும் உள்ளே. ஈரத் துணிக் கூடை ஒன்று 15 கிலோவுக்கு மேல் சுலபமாகப் போகும், மேலே கையை ஊன்றி ஆள் சாயவும் செய்வார். இது தவிர, வருடக்கணக்கில் பாரம் இருந்தால் மரம் மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும் குணமுடையது.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு 18ஐ ஒட்டாமல் சும்மா அடுக்கினால் எட்டு மடங்கு வராது, வெறும் இரண்டு மடங்குதான். வளையும்போது மேல் பலகை கீழ்ப் பலகை மேல் வழுக்கும். பசைதான் அந்த வழுக்கலைப் பிடித்து இரண்டையும் ஒரே பலகையாக்குகிறது. அதனால் பசையில் கஞ்சத்தனம் வேண்டாம். முகம் முழுவதும், ஓரம் வரைக்கும்.

திருப்புளி

காசு இன்னும் மிச்சம் பிடிக்க ஒரு வழி: மேலே 18 முழுப் பலகை, அடியில் முன்விளிம்போடு மட்டும் நல்ல கட்டை ஒன்றை நிறுத்திவைத்து ஒட்டலாம். உயரம் 6 செ.மீ. இருந்தாலே விறைப்பு பிரமாதமாக ஏறும். ஆனால் இவருக்கு மெஷினுக்கு மேலே இரண்டரை செ.மீ.தான் இடம். கட்டை மெஷினின் முகத்துக்கு முன்னால் தொங்க வேண்டும், அப்போது சோப்பு போடும் டிராயர் இடிக்கும். இவருக்கு ஆகாது. வேறு யாராவது அலமாரிக்கு மேல் போடுகிறார்கள் என்றால் ஆகும்.

இழைப்புளி

டிராயரைச் சொன்னதும் ஞாபகம் வந்தது. மேடை மெஷின் முகத்தைத் தாண்டி எவ்வளவு நீட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு செ.மீ. போதும், மூன்றுக்கு மேல் போகாதீர்கள். டிராயர் திறக்கத்தான் செய்யும், ஆனால் மேலேயிருந்து பார்த்தால் எந்தக் குழியில் சோப்பு விழுகிறது என்று தெரியாது. குனிந்து குனிந்து ஊற்ற வேண்டியிருக்கும். கொஞ்சமும் நீட்டாமல் வெட்டினால் மேலே சிந்திய தண்ணீர் நேராக மெஷினின் பொத்தான்கள் மேல் வழியும்.

அட்டைப் பெட்டியைப் பிரித்து மேடை அளவுக்கு வெட்டி, இரண்டு நாள் மெஷின் மேல் போட்டுப் புழங்கிப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை.

ஓட்டைப்பெட்டி

பழைய கதவைப் பற்றி யாரும் பேசவில்லையே? வீடு இடிக்கும் இடத்திலோ பழைய சாமான் கடையிலோ உள்ளறைக் கதவு கிடைக்கும். 30 முதல் 35 மி.மீ. தடிமன், இரண்டு மீட்டர் பக்கம் உயரம், 75 முதல் 90 செ.மீ. அகலம். பிளைவுட் ஷீட்டைவிட மலிவு, ஏற்கெனவே சமமான பரப்பு.

விரலால் தட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் கெட்டியாகச் சத்தம் வந்தால் உள்ளே கட்டை நிரப்பிய கதவு. டப்டப்பென்று வந்தால் உள்ளே தேன்கூடு மாதிரி காகிதம்தான், அதை விட்டுவிடுங்கள்.

வைரம்பாய்ந்தது

கதவை அறுத்தால் ஓரச் சட்டம் போய்விடுமே. உள்ளே இருக்கும் கட்டைகள் பல்லைக் காட்டும்.

ஓட்டைப்பெட்டி

எந்தப் பக்கம் அறுக்கிறோம் என்பதில் இருக்கிறது. பூட்டு இருக்கும் பக்கத்தை நீளவாக்கில் அறுத்து எடுத்துவிடுங்கள். பூட்டுக்கான ஓட்டை விளிம்பிலிருந்து சில செ.மீ. உள்ளேதான் இருக்கும். 80 செ.மீ. கதவை 70 ஆக்க எடுக்கும் பத்து செ.மீ.யிலேயே பெரும்பாலும் அது போய்விடும். அறுத்த விளிம்பு சுவர்ப் பக்கம் போகட்டும். கீல் இருந்த பக்கம் அசல் சட்டத்தோடு முன்னால் வரும். கீல் பதித்த பள்ளங்கள் ஆழமில்லாதவை. அவற்றை மரத்துண்டு ஒட்டி அடைத்து, முன்னால் ஒரு பீடிங் (மெல்லிய மரப் பட்டை) அடித்தால் தெரியவே தெரியாது.

நீளத்தை வெட்டிய முனையும் சுவரோடுதான் போகிறது, யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அந்த வெட்டுமுகத்தில் பசையையோ வார்னிஷையோ தாராளமாகப் பூசுங்கள். தண்ணீர் உள்ளே புகும் வாசல் அதுதான்.

நனைந்தகுடை

பெட்டிகளை அடுக்கி அனுப்பும் பேலட் கட்டைகள் சும்மாவே கிடைக்கின்றன. அதை இழைத்து ஒட்டினால்?

இழைப்புளி

ஆசைக்குச் செய்யலாம், குறைந்த செலவு என்று நினைத்துச் செய்யாதீர்கள். ஆணி பிடுங்கி, இழைத்து, தடிமனைச் சமப்படுத்தி, ஒட்டி முடிப்பதற்குள் உப்புத்தாளுக்கும் பிளேடுக்குமே காசு போய்விடும். கட்டைக்குள் முறிந்து நிற்கும் ஒரு ஆணி போதும், இழைப்புளி அலகு பல் போய்விடும்.

எடுப்பதாக இருந்தால் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்று இருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்றது: கட்டையின் நடுப்பகுதி 56 டிகிரி சூட்டில் தொடர்ந்து 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும் என்பது அதன் சர்வதேச விதி. எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்குள் வேண்டாம். முத்திரையே இல்லாமல் எண்ணெய்க் கறையோடு இருப்பதையும் தொடாதீர்கள். அதில் என்ன கொட்டியது என்று யாருக்குத் தெரியும்.

ஈரக்கை

மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்யும் பார்டிகிள் போர்டு பற்றியும் ஒருவர் சொல்லிவிடுங்கள். கடைக்காரர்கள் முதலில் அதைத்தான் நீட்டுகிறார்கள், மேலே பளபளவென்று இருக்கும்.

திருப்புளி

துவைக்கும் அறைக்கு வேண்டாம். மேல்முகத்தில் தண்ணீர் நின்றால் ஒன்றும் ஆகாது. ஓரத்தில் ஒட்டிய பட்டை ஒரு மூலையில் பிரிந்தாலே தூளுக்குள் ஈரம் இறங்கி உப்பும். உப்பியது திரும்பச் சுருங்காது.

கொடிக்கயிறு

கதவு தேடிப் பார்த்தேன், கிடைத்தவை எல்லாம் டப்டப் ரகம். அதனால் பிளைவுட், ரப்பர் மரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். வைரம் சார், ரப்பர் மரம் என்றால் பராமரிப்பு எப்படி? அந்த அறையில் ஈரம் அதிகம். டிரையர் ஓடினால் சூடும் சேரும்.

வைரம்பாய்ந்தது

மரம் அசையும், மறைக்க மாட்டேன். நீளவாக்கில் அசைவு பொருட்டே இல்லை. அகலவாக்கில்தான். மரத்தின் ஈரப்பதம் ஒரு சதவீதம் மாறினால் அகலம் சுமார் 0.2 சதவீதம் மாறும் என்று வைத்துக்கொள்ளலாம். 70 செ.மீ. பலகையில் ஈரப்பதம் நான்கு சதவீதம் ஏறி இறங்கினால் ஐந்து மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. மழைக்காலத்துக்கும் வெயில்காலத்துக்கும் நடுவே இது சாதாரணம்.

இந்த அசைவைத் தடுக்கக் கூடாது. தடுத்தால் பலகை வெடிக்கும் அல்லது கிண்ணம் போலக் குவியும். முன்பக்கம் ரீப்பரோடு ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள், பின்பக்கம் போடும் ஸ்க்ரூக்களுக்கு ரீப்பரில் நீளவட்ட ஓட்டை போடுங்கள். முன்னும் பின்னுமாக, சுவரை நோக்கி நீண்ட ஓட்டை. வாஷர் வைத்து ஸ்க்ரூவை மிதமாக இறுக்கினால் பலகை அதற்குள் நகர்ந்துகொள்ளும். பின்சுவரோடு ஒரு செ.மீ. விட்டுவிடுங்கள்.

அடிப்பாகத்துக்கும் மேல்பாகத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் வார்னிஷ். "அடியில் யார் பார்ப்பார்கள்" என்று மேலே மட்டும் பூசினால், டிரையர் சூடும் ஈரமும் அடிப்பக்கமாக மட்டும் ஏறி இறங்கும், பலகை வில்லாகும்.

இன்னொரு எச்சரிக்கை: ரப்பர் மரம் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இடம் கொடுக்கும். மருந்தேற்றி உலர்த்திய பலகையாகத்தான் வாங்க வேண்டும். வெளிர்நிறம் வேறு, பூஞ்சை பிடித்தால் நீலக்கறுப்பாகத் தெரியும்.

எட்டுக்குநாலு

இவ்வளவு நிபந்தனை! பிளைவுட்டில் ஒரு அடுக்கின் நார் இப்படியும் அடுத்த அடுக்கின் நார் குறுக்கேயும் போவதால் ஒன்றை ஒன்று கட்டிப் போட்டுவிடும். அகலவாக்கு அசைவு கவலைப்படும் அளவுக்கு இருக்காது. ஸ்க்ரூகூட வேண்டாம், ரீப்பர் மேல் மெல்லிய ரப்பர் பட்டை ஒட்டி அப்படியே வைத்துவிடலாம். பலகையே 18 கிலோ பக்கம் இருக்கும், எங்கே போகும்?

ஆனால் ரகம் பார்த்து வாங்க வேண்டும். சாதாரண உள்ளறை ரகம் ஈரப்பதத்தைத்தான் தாங்கும், நின்ற தண்ணீரைத் தாங்காது. கொதிநீர் தாங்கும் ரகம் கேளுங்கள், மெரைன் என்றும் சொல்வார்கள். மலிவு ரகத்துக்கும் இதற்கும் விலை வித்தியாசம் உண்டு, அதைக் கொடுத்துவிடுங்கள். வாங்கும்போது ஷீட்டின் ஓரத்தைக் குனிந்து பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே கறுப்பு இடைவெளி தெரிந்தால் அது உள்ளேயும் இருக்கும்.

இழைப்புளி

இருவரும் சொல்வது சரி, சண்டை எதற்கு. கொடிக்கயிறு தம்பி கேட்டது குறைந்த செலவு. அதற்குப் பிளைவுட். மரமுகம் வேண்டும் என்றால் முன்விளிம்பில் மட்டும் நல்ல மரத்தில் 4 செ.மீ. உயரச் சட்டம் ஒட்டட்டும். நிற்கும்போது கண்ணில் படுவது அந்த விளிம்புதான்.

ஒட்டும் விதத்தைச் சொல்கிறேன். இரண்டு பலகையையும் 133லேயே வைத்து ஒட்டுங்கள், ஒட்டிக் காய்ந்த பிறகு சேர்த்து அறுத்தால் விளிம்பு ஒரே கோடாக வரும். வெள்ளைப் பசையில் டி3 அல்லது டி4 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். ஈரம் தாங்குவதற்கான ஐரோப்பியத் தரக்குறி அது, எண் ஏற ஏறத் தாங்கும். பல்வைத்த தகட்டால் பரப்புங்கள். பத்து நிமிடத்துக்குள் மேல்பலகை உட்கார்ந்துவிட வேண்டும், அதனால் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கிளாம்ப் பத்துப் பதினைந்து யாரிடம் இருக்கிறது? அடிப்பக்கத்திலிருந்து 30 மி.மீ. ஸ்க்ரூ, ஒரு சாண் இடைவெளியில். 36 மி.மீ. பலகையில் 30 மி.மீ. ஸ்க்ரூ மேலே எட்டிப் பார்க்காது. நடுவிலிருந்து ஓரத்துக்குப் போங்கள். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் பசையும் காற்றும் நடுவில் சிக்கிக்கொள்ளும். விளிம்பெல்லாம் பசை முத்துமுத்தாகப் பிதுங்கினால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். ஈரத்துணியால் அப்போதே துடையுங்கள். காய்ந்த பசை இருக்கும் இடத்தில் வார்னிஷ் ஏறாது, வெள்ளைத் திட்டாகத் தெரியும்.

சுவர் நேராக இருக்காது. பின்னால், நடுவில், முன்னால் என்று மூன்று இடத்தில் அகலம் அளந்து, எது சின்னதோ அதிலிருந்து அரை செ.மீ. கழித்து அறுங்கள். பக்கத்து இடுக்கு கண்ணை உறுத்தினால் சின்ன பீடிங் வையுங்கள்.

நனைந்தகுடை

எனக்கு ஒரு பக்கம்தான் சுவர், மறுபக்கம் திறப்பு. ரீப்பர் எங்கே அடிப்பது?

எட்டுக்குநாலு

மிச்சமான 110 செ.மீ. துண்டு இருக்கிறதே, அதை மேடையின் அடி உயரத்துக்கு வெட்டி நிறுத்துங்கள். அதுதான் பக்கத் தாங்கல். தரையில் நேராக வைக்காமல் அடியில் ஒரு செ.மீ. பிளாஸ்டிக் காலோ ரப்பர் கட்டையோ கொடுங்கள். மெஷின் ஒருநாள் தண்ணீர் விட்டால் முதலில் குடிப்பது அந்தப் பலகையின் அடிவிளிம்புதான். பலகை ஆடாமல் இருக்கப் பின்சுவரோடு ஒரு ஆங்கிள் போடுங்கள்.

கொடிக்கயிறு

முடிவு செய்துவிட்டேன்: பிளைவுட் இரட்டை, பின்பட்டை தனியாக. மேல்பூச்சு எது? எண்ணெய், வார்னிஷ், மைக்கா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஈரக்கை

துவைக்கும் அறையில் மேடை மேல் என்ன விழும் என்று பாருங்கள். தண்ணீர், திரவச் சோப்பு, துணி வெளுக்கும் பிளீச். பிளீச் பாட்டிலின் அடியில் எப்போதும் ஒரு வளையம் ஈரம் இருக்கும். மரத்தில் அது பட்டால் நிறம் போய்விடும், பூச்சு மெல்லியதாக இருந்தால் ஊடுருவியும் போகும். எதைப் பூசினாலும் அந்தப் பாட்டில்களை ஒரு பிளாஸ்டிக் தட்டில் வையுங்கள். எந்த வார்னிஷையும்விடத் தட்டு மலிவு.

இழைப்புளி

மைக்கா ஒட்டினால் பிளீச் கவலை பெரும்பாலும் தீரும், ஆனால் மரம் தெரியாது. மரம் தெரிய வேண்டும் என்றால் பாலியூரிதேன் வார்னிஷ். எண்ணெய் சார்ந்தது கொஞ்சம் மஞ்சளிக்கும், வாடை அடிக்கும், காய நாளாகும், உறுதி. தண்ணீர் சார்ந்தது சீக்கிரம் காயும், நிறம் மாறாது. எதுவானாலும் மெல்லிய பூச்சாக மூன்று நான்கு தடவை. ஒவ்வொன்றுக்கும் நடுவே 220 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூள் துடைத்து, அடுத்தது. தடிமனாக ஒரே தடவை அடித்தால் ஓரத்தில் வழிந்து நிற்கும், உள்ளே காயாது.

பிளைவுட்டின் மேல்தோல் மிக மெல்லியது. மெஷின் வைத்துத் தேய்க்கும்போது ஒரே இடத்தில் நிற்காதீர்கள், கீழடுக்கு எட்டிப் பார்த்துவிடும்.

வெட்டுமுகம் பஞ்சு மாதிரி இழுக்கும். முதல் பூச்சை அது குடித்துவிட்டு ஒன்றுமே பூசாதது போல இருக்கும். குடிக்கக் குடிக்கக் கொடுங்கள், மினுமினுப்பு நிற்கும் வரை. சுவரோடு மறையும் விளிம்புக்கும், குழாய்க்குப் போட்ட ஓட்டையின் உள்சுவருக்கும் இதே கதை.

எண்ணெய் பிடித்திருந்தால் பூசிக்கொள்ளலாம், கீறல் விழுந்த இடத்தில் மட்டும் திரும்பத் தேய்க்கலாம் என்பது அதன் வசதி. ஆனால் ஆளி விதை எண்ணெய் தேய்த்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது தானே சூடாகித் தீப்பிடிக்கும், பயமுறுத்தச் சொல்லவில்லை. விரித்துக் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

திருப்புளி

இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேடை கைக்கு வாகாக இருந்தால் அங்கேயே தேய்க்கத் தோன்றும். பருத்திக்கு வைக்கும் சூடு 200 டிகிரி பக்கம். எந்தப் பாலியூரிதேனும் அதைத் தாங்காது. கனமான விரிப்பு போட்டாலும் நீராவி கீழே இறங்கி வெள்ளைப் படலம் விடும்.

நனைந்தகுடை

டிரையரில் சூடு வெளியேறுமே, மேடை மூடினால் பிரச்சினை இல்லையா?

திருப்புளி

கையேட்டில் எந்தப் பக்கம் எவ்வளவு விட வேண்டும் என்று போட்டிருக்கும், அதுதான் கடைசி வார்த்தை. காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளும் ரகம் என்றால் அந்தக் குழாயே 10 செ.மீ. விட்டம். 8 செ.மீ. இடுக்கில் அதை நசுக்கி வைத்தால் துணி காயாது, பஞ்சு அடைத்துத் தீ அபாயமும் உண்டு. கொடிக்கயிறு, உங்களுடையது எந்த ரகம்?

கொடிக்கயிறு

தண்ணீரைத் தொட்டியில் சேர்க்கும் ரகம், வெளிக்குழாய் இல்லை. கையேட்டில் மேலே விடச் சொன்ன இடைவெளி இரண்டரைக்கும் குறைவுதான், பார்த்துவிட்டேன்.

மேடை உட்கார்ந்துவிட்டது. இடப்பக்கச் சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தது, காம்பஸால் கோடு இழுத்து அந்த வளைவுக்கே இழைத்தேன். மெஷின் முழு வேகத்தில் பிழியும்போது மேலே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பார்த்தேன், விளிம்பில் லேசாக வட்டம் விழுகிறது, டம்ளர் நகரவில்லை. பின்பட்டைத் துண்டுகளைத் தூக்க விரல் நுழையாமல் திண்டாட்டமாக இருந்தது. ஒவ்வொன்றிலும் 35 மி.மீ. வட்ட ஓட்டை போட்டேன், இப்போது விரல் விட்டுத் தூக்க முடிகிறது.

ஈரக்கை

ஓட்டையின் உள்சுவருக்குப் பூச்சு?

கொடிக்கயிறு

ஆயிற்று அக்கா, இழைப்புளி ஐயா சொன்னபடி குடிக்கக் குடிக்க.

மழைக்காகிதம்

தாமதமாக வருகிறேன். என்னிடம் இருப்பது மேலே திறக்கும் மெஷின். இந்த மேடை எனக்கு ஆகாதா?

இழைப்புளி

நிலையான மேடை ஆகாது. பின்சுவரில் நீளக் கீல் வைத்து, மேலே தூக்கிச் சுவரோடு சாய்க்கும் பலகையாகப் போடலாம். மூடி முழுதாகத் திறந்து நிற்கும்போது எவ்வளவு உயரம், எவ்வளவு பின்னால் போகிறது என்று அளந்துகொள்ளுங்கள். தூக்கிய பலகை அந்த மூடியை இடிக்கக் கூடாது. எடை குறைய 18 மி.மீ. ஒற்றைப் பலகை, அகலம் ஒரு மெஷின் அளவுக்குத்தான் என்பதால் அதுவே தாங்கும். தூக்கியதைப் பிடித்து நிறுத்தச் சுவரில் கொக்கி அவசியம், கை உள்ளே இருக்கும்போது பலகை விழக் கூடாது. கீல் ஸ்க்ரூக்கள் சுவரில் நேராக வேண்டாம். முதலில் தடிமனான ரீப்பரைச் சுவரில் ஸ்க்ரூ பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் போட்டு இறுக்கி, கீலை அந்த ரீப்பரில் மாட்டுங்கள்.